அவெஞ்சரில் முன்னே தள்ளிய ஃபுட் ரெஸ்ட்: பிரேக்கையும் ஓட்டத்தையும் சரிசெய்த பதிவு

வண்டி பஜாஜ் அவெஞ்சர் 220 குரூஸ், பி.எஸ்.6 (புகை விதியின் ஆறாம் கட்டம்) மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முதலில் வைத்திருந்தவர் ஆறடிக்கும் மேல் உயரம். கால் நன்றாக நீண்டு கிடக்க வேண்டும் என்று ஃபுட் ரெஸ்ட், பிரேக் பெடல், கியர் லீவர் மூன்றையும் அசல் இடத்திலிருந்து 130 மி.மீ. முன்னே கொண்டுபோகும் ஒரு கிட்டை வெளியில் வாங்கி மாட்டியிருந்தார். அவெஞ்சரில் கம்பெனியே காலைக் கொஞ்சம் முன்னேதான் வைத்திருக்கிறது. இது அதற்கும் மேலே. நல்ல வேளையாக, கழற்றிய அசல் பாகங்களை ஒரு சாக்குப் பையில் போட்டு வண்டியோடு கொடுத்துவிட்டார்.

ஓட்டிப் பார்த்ததில் இரண்டு குறைகள் தெரிந்தன. பின் பிரேக்கை மெதுவாக அழுத்தினால் ஒன்றும் நடக்காது, கொஞ்சம் கூட்டினால் சக்கரம் நின்று இழுக்கும். நடுவில் எதுவும் இல்லை. இன்னொன்று, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் முன்பக்கம் லேசாகி மிதக்கிற உணர்வு. பொள்ளாச்சிச் சாலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அது இன்னும் மோசம். இப்படிக் காலை முன்னே தள்ளும் கிட்டை ஃபார்வர்டு செட் என்பார்கள். அதைப் போட்டால் எடை பின்னே போய்விடும், அதனால்தான் முன்பக்கம் லேசாகிறது என்று பலரும் சொல்வார்கள். அதை நம்புவதற்கு முன் அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

தெரிந்த அரிசி மண்டியில் ஒரு பிளாட்ஃபார்ம் தராசு கேட்டு வாங்கி, முன்சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, பின்சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை அடுக்கினேன். வண்டி 163 கிலோ, நான் உடுப்போடு 76. இரண்டும் சேர்ந்து 239. கால்களை அசல் இடத்தின் அளவுக்கு மடக்கி வைத்து உட்கார்ந்தபோது முன்சக்கரத்தில் 102 கிலோ. காலை கிட்டின் ஃபுட் ரெஸ்ட்டில் நீட்டி, முதுகு தானாகச் சாய்கிற இடத்தில் விட்டபோது 101. வித்தியாசம் ஒரே ஒரு கிலோ.

யோசித்தால் இதில் வியப்பில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள கால்களின் எடை உடம்பில் எட்டில் ஒரு பங்குதான். அது முன்னே போவதால் முன்சக்கரத்தில் கொஞ்சம் கூடுகிறது. இடுப்பு பின்னே உருண்டு மேலுடம்பு சாய்வதால் கொஞ்சம் குறைகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஆக, முன்பக்கம் மிதப்பதற்குக் காரணம் எடை அல்ல, வேறு எங்கோ இருக்கிறது. இந்த ஒரு கிலோதான் மீதி வேலைக்கெல்லாம் வழி காட்டியது.

முதலில் பிரேக். சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் பெடலைக் கையால் பிடித்து ஆட்டினேன். பக்கவாட்டில் ஆட்டம், மேல் கீழும் ஆட்டம். கோவை கணபதியில் உள்ள ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணன் போல்ட்டைக் கழற்றிப் பார்த்து, "பெடலு போல்ட்டு மேல நிக்கலீங்க தம்பி, மரை மேல நிக்குது" என்றார். முழு நீளத்துக்கும் மரை போட்ட 10 மி.மீ. போல்ட். துளை 11 மி.மீ.க்கு மேல் அகன்றிருந்தது. மரை விளிம்புகள் துளையை அரம் போல ராவிக்கொண்டே இருந்திருக்கின்றன. பிரேக் பெடல் சுழலும் இடத்தில் முழு மரை போல்ட் இருக்கவே கூடாது. கழுத்துப் பகுதி மரையில்லாமல் வழுவழுப்பாக இருக்கும் 8.8 கிரேடு போல்ட்டும் நைலான் பூட்டு நட்டும்தான் அங்கே போட வேண்டியவை. துளையை 14 மி.மீ.க்குப் பெரிதாக்கி, கன்மெட்டல் புஷ் (வெண்கல வகை உலோகக் குழல்) அடித்து, உள்துளையைப் போல்ட்டுக்கு 0.05 மி.மீ. இடைவெளி வருமாறு கடைந்து கொடுத்தார். ஒரு கிரீஸ் நிப்பிளும் வைத்தோம்.

அடுத்து இணைப்பு ராடு. கிட்டில் புதுப் பெடலிலிருந்து ஒரு ராடு பின்னே வந்து, பழைய பெடல் இருந்த இடத்தில் ஒரு ரிலே ஆர்மை (அசைவை வாங்கிக் கடத்தும் நடு லீவரை) திருப்பும். அந்த ரிலேதான் பின்சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குப் போகும் ராடை இழுக்கும். புதுப் பெடலில் ராடு சேரும் காது சுழல் மையத்துக்குக் கீழே இருந்தது. அதாவது பெடலை மிதித்தால் ராடு பின்னால் தள்ளப்படும். ஒல்லியான நீள ராடைத் தள்ளினால் அது முதலில் வளையும், பிறகுதான் விசையைக் கடத்தும். பெடலை ஒருவர் மிதிக்கச் சொல்லி ராடைப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் அந்த வளைவு கண்ணுக்கே தெரிந்தது. காதை மையத்துக்கு மேலே மாற்றி, ரிலேயிலும் அதற்குப் பொருத்தமான பக்கத்தில் ஆர்மை வைத்து நல்ல வெல்டரிடம் பற்ற வைத்தோம். இப்போது மிதித்தால் ராடு முன்னே இழுக்கப்படுகிறது. இழுவையில் ராடு வளைய வழியில்லை.

இந்த இரண்டு வேலைக்கே பாதி மாற்றம் வந்துவிட்டது. மீதியில் ஒரு பகுதி லீவரேஜ், அதாவது கால் கொடுக்கும் விசை எத்தனை மடங்காகிறது என்பது. சாக்குப் பையிலிருந்த அசல் பெடலையும் கிட்டின் பெடல், ரிலே இரண்டையும் வெர்னியரால் அளந்து கணக்குப் போட்டதில், கிட் அசலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விசையைப் பெருக்கியது. நீண்ட ராடு, ஆட்டமுள்ள மூட்டுகள், இவற்றால் பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது குறை சொல்லியிருக்க வேண்டும். அதை ஈடுகட்ட ஆர்மை நீளமாக்கியிருக்கிறார்கள். விளைவு, முதல் பாதி அழுத்தம் ஆட்டத்தையும் வளைவையும் தின்னவே சரியாகப் போய், அதன்பிறகு கூட்டிய விசை முழுதும் ஒரே அடியாக டிரம்மில் விழுகிறது. ரிலே ஆர்மில் அசல் அளவுக்குக் கணக்கு வரும் இடத்தில் புதுத் துளை போட்டோம்.

டிரம்மைத் திறந்தபோது, அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூவின் லைனர் (உராய்வுப் பட்டை) கண்ணாடி போல மினுமினுத்தது. ஷூ புதிதாகவே மாற்றிவிட்டேன். 130 மி.மீ. டிரம்முக்கு ஷூ விலை பெரிதல்ல, தேய்த்துப் பார்த்து மிச்சம் பிடிக்க வேண்டிய பொருளும் அல்ல. டிரம் உட்புறத்தை உப்புத்தாளால் குறுக்குவாட்டில் லேசாகத் தேய்த்தேன். தூசியை ஊதவோ கம்ப்ரெஸர் காற்று அடிக்கவோ வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஷூக்களை விரிக்கும் பிரேக் கேமைக் கழற்றி, பழைய காய்ந்த கிரீஸைத் துடைத்து, அதிக வெப்பம் தாங்கும் கிரீஸை மிகக் கொஞ்சமாக வைத்தேன். இங்கே கிரீஸ் கூடினால் அது லைனருக்குத்தான் போகும். டிரம்முக்கு வெளியே இருக்கும் லீவரும் ராடும் பிரேக் பிடித்த நிலையில் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். செங்கோணத்தைத் தாண்டிவிட்டால் மிதிக்க மிதிக்க இழுவை குறையும். இந்த வண்டியில் தாண்டித்தான் இருந்தது. லீவரைப் பல் ஒன்று பின்னே மாற்றிப் பூட்டினேன். பிரேக் லைட் சுவிட்சின் ஸ்பிரிங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெடல் இடம் மாறினால் அதுவும் மாற வேண்டும். இந்த வண்டியில் சக்கரம் பிடித்த பிறகுதான் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் லாரி வரும் சாலையில் அது சாதாரண விஷயமில்லை.

சரி, ஆட்டம் எல்லாம் போயிற்று. ஆள் நடமாட்டமில்லாத ஒரு லேஅவுட் சாலையில் காலையில் போய்ப் பிடித்துப் பார்த்தேன். மெதுவாக நிறுத்தும்போது பிரேக் அருமையாக இருந்தது. பலமாகப் பிடித்தால் பின்சக்கரம் இன்னும் பூட்டிக்கொண்டது. கை, கால் இரண்டையும் நிதானமாகத்தான் கூட்டினேன், ஆனாலும் பின்சக்கரம் முந்திக்கொண்டது.

காரணம் இயந்திரத்தில் இல்லை, உட்காரும் விதத்தில் இருக்கிறது. 76 கிலோ உடம்பு ஓடும் வண்டியில் இருக்கிறது. வண்டி ஈர்ப்பு முடுக்கத்தின் 70 சதவீத அளவுக்கு வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உடம்பு ஏறக்குறைய 53 கிலோ விசையோடு முன்னே போகப் பார்க்கும். அதை ஏதாவது ஒன்று தடுத்து நிறுத்த வேண்டும். சாதாரண வண்டியில் முழங்கால்கள் டேங்கைப் பிடித்துக்கொள்ளும், பாதம் உடம்புக்குக் கீழே இருக்கும், பெடலை அழுத்துவது கணுக்காலின் தனி வேலை. காலை முன்னே நீட்டிய வண்டியில் முழங்கால் டேங்கைப் பிடிக்காது. உடம்பை நிறுத்துவது நீட்டிய கால்கள்தான். அந்தக் காலில் ஒன்று பிரேக் பெடல்மேல் இருக்கிறது. பிரேக் பிடிக்கப் பிடிக்க உடம்பு முன்னே சரிகிறது, சரியச் சரிய வலது கால் பெடலை இன்னும் அழுத்துகிறது. ஓட்டுபவர் கேட்காமலே பின் பிரேக் கூடிக்கொண்டே போகிறது. அதே நொடியில் பின்சக்கரத்தின் மேலுள்ள எடை முன்னே மாறிக்கொண்டிருக்கிறது. பூட்டாமல் என்ன செய்யும்?

மேடுபள்ளத்தில் இதுவே இன்னொரு உருவம் எடுக்கும். நீட்டிய காலால் எழுந்து நிற்க முடியாது. ஸ்பீடு பிரேக்கரில் அடி முழுதும் தண்டுவடத்தின் அடியில் இறங்கும், உடம்பு குலுங்கும்போது கால் பெடலைக் குத்தும். அதனால் பிரேக்கர் ஏறும் முன்பே பிரேக்கை முடித்து விட்டுவிட வேண்டியிருந்தது.

பின் பிரேக்கையே தொடாமல் விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். 'நிறுத்துவது முன் பிரேக்தான், பின் பிரேக் சும்மா' என்கிற அறிவுரை ஸ்போர்ட்ஸ் வண்டிகளுக்குப் பொருந்தும் அளவுக்கு, அவெஞ்சர் மாதிரி தாழ்ந்து நீண்ட குரூஸருக்குப் பொருந்தாது. அவெஞ்சரின் வீல்பேஸ் (இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையிலான தூரம்) 1490 மி.மீ. ஆள் உட்கார்ந்த நிலையில் எடை மையம் தரையிலிருந்து 58 செ.மீ. என்று கொண்டால், முன்சொன்ன 70 சதவீத பிரேக்கில் சுமார் 65 கிலோதான் பின்னிருந்து முன்னே மாறும். 239-இல் முன்சக்கரத்தின் 102 போக, பின்னே இருக்கும் 137 கிலோவில் 65 போனாலும் 72 கிலோ மிச்சம். மொத்த எடையில் பத்தில் மூன்று பங்கு. உயரமான, வீல்பேஸ் குறைந்த வண்டிகளில் இதைவிடக் குறைவாகவே தேறும்.

இதை நிறுத்தும் தூரமாக மாற்றிப் பார்த்தேன். இது காகிதக் கணக்கு, காய்ந்த தார்ச் சாலையின் பிடிப்பை 0.8 என்று வைத்துப் போட்டது. 60 கி.மீ. வேகத்திலிருந்து பின் பிரேக் மட்டும் பிடித்தால் நிற்க 40 மீட்டர். முன் பிரேக் மட்டும் பிடித்தால், முன்சக்கரம் பூட்டாத எல்லைவரை போனாலும் 28 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் சரியாகச் சேர்ந்தால் 18 மீட்டர். எடை பின்னே இருக்கும் நீள வண்டிக்கு இரண்டு பிரேக்கும் தேவை. இந்த வண்டியில் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் அமைப்பு) முன்சக்கரத்துக்கு மட்டும்தான். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம், ஆனால் ஒரு சேனல், அதாவது ஒரு சக்கரத்துக்கு, இருந்தாலே அந்த விதிக்குப் போதுமாக இருந்தது. பின் டிரம்மைக் காப்பாற்ற ஓட்டுபவரின் கால் மட்டுமே இருக்கிறது. ஆக, அந்தக் காலுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

அதே கணக்கில் இன்னொன்று. பெடல் ஃபுட் ரெஸ்ட்டைவிட உயரத்தில் இருந்தால் பாதத்தையே தூக்கி வைக்க வேண்டும். அதற்குக் கால் நொடி என்றாலும் 60 கி.மீ. வேகத்தில் நான்கு மீட்டர் ஓடிவிடும், அது ஒரு காரின் நீளம். கிட்டில் பெடலின் மிதி ஃபுட் ரெஸ்ட்டுக்கு மேலே மிக உயரமாக இருந்ததால், பாதம் முழுதும் ரெஸ்ட்டை விட்டு விலகினால்தான் மிதிக்க முடிந்தது. அதாவது பிரேக் பிடிக்கும்போது உடம்பைத் தாங்க இடது கால் மட்டும். உடம்பு ஒரு பக்கம் திரும்பி, ஹேண்டிலில் ஒரு கையின் அழுத்தம் கூடி, வண்டி கோணுகிறது. மிதியைத் தாழ்த்தி, குதிகாலும் பாதத்தின் நடுவும் ரெஸ்ட்டில் ஊன்றியபடியே முன்பாதம் மட்டும் பெடலைத் தொடும்படி வைத்தேன். இதில் நல்ல பலன் தெரிந்தது. சரியும் உடம்பின் விசையைக் குதிகால் வாங்கிக்கொள்ள, முன்பாதம் கொஞ்சம் சுதந்திரமானது. ஃபார்வர்டு செட்டை எடுக்க மனமில்லாதவர்கள் இந்த ஒரு அட்ஜஸ்ட்மெண்டையாவது அவசியம் செய்துகொள்ளுங்கள். லெக் கார்டில் தனியாகக் கிளாம்ப் போட்டு ஃபுட் ரெஸ்ட் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே கால் இருக்கும்போது பின் பிரேக்கே இல்லை என்று அர்த்தம். வெறிச்சோடிய நான்குவழிச் சாலையில் கால் மரத்துப்போனதற்குச் சற்று நேரம் நீட்டலாம், ஊருக்குள் கூடவே கூடாது.

இனி அந்த மிதப்பு. எடை காரணமில்லை என்று தராசு சொல்லிவிட்டது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பினேன். நேராக வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றது. ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டில் பால்ஸ் பதிந்து தடம் போட்டிருக்கிறது. இப்படி இருந்தால் வண்டி தன்னால் நேர் செய்துகொள்ளும் நுண்ணிய அசைவுகள் தடைபட்டு, மெதுவாக இடம் வலம் அலையும். கோன் செட்டை மாற்றி, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் நட்டை வைத்தேன். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷில் ஆட்டமில்லை. பின் டயர் நெடுஞ்சாலையிலேயே ஓடி நடுவில் தட்டையாகியிருந்தது. 130/90-15 அளவில் புதிது போட்டேன். செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை, சக்கரம் லேசாகக் கோணியிருந்தது. அதையும் நேராக்கினேன்.

இதற்குப் பிறகு மிதப்பு பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் காற்றில் இன்னும் இருந்தது. 90 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தவரின் மேலுடம்பைக் காற்று நன்றாகவே பின்னே தள்ளும். பாதம் இடுப்புக்குக் கீழே இருந்தால் முன்னே சாய்ந்து அதைச் சமாளிக்கலாம். கால் முன்னே நீண்டிருந்தால் உடம்பு பின்னே போகாமல் பிடித்துக்கொள்ள ஹேண்டிலைத் தவிர வேறு இல்லை. கைகள் இழுத்துக்கொண்டே இருக்கும். பக்கக் காற்றில் உடம்பு ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் கை வழியே ஹேண்டிலுக்குப் போய், திருப்பும் கட்டளையாக மாறும். அதோடு இந்த மாடலில் விண்ட்ஷீல்டும் ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்புவதால் காற்று நேரே ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளுகிறது. சோதிக்க எளிய வழி உண்டு: ஓரளவு காற்றுள்ள இடத்தில் முழங்கையைத் தளர்த்தி, பிடியை லேசாக்கிப் பாருங்கள். வண்டி அமைதியானால், ஆட்டியது உங்கள் கைதான். இந்த வண்டி உடனே அமைதியானது. ஆனால் கால் நீண்டிருக்கும்போது அந்தத் தளர்வை வெகு நேரம் வைத்திருக்க முடியவில்லை. இடுப்பு பின்னே வழுக்குகிறது, கை மறுபடி இறுகுகிறது.

பிரேக், காற்று இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. உடம்பைத் தாங்க வேண்டியது காலும் சீட்டும். அவை செய்யாத வேலையைக் கையும் பெடலும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் கிட்டைக் கழற்றி, சாக்குப் பையிலிருந்த அசல் பாகங்களை மாட்டினேன். நான் ஐந்தடி எட்டு அங்குலம், எனக்கு அந்த நீளம் தேவையும் இல்லை. சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பதும் இந்த மாதிரி மாற்றங்களைத்தான்.

அசல் பெடலின் சுழல் தண்டும் காய்ந்து கிடந்தது. அதைக் கழுவி கிரீஸ் வைத்தேன். பெடலை மிதிக்கும் முன் இருக்கும் வெற்று அசைவை, நுனியில் அளந்து, 25 மி.மீ. வைத்தேன். சீட் பின்பகுதியில் மட்டும் 20 மி.மீ. அடர்த்தியான ஃபோம் சேர்த்து, இடுப்புக்கு முட்டுக் கிடைக்கும்படி டெய்லரிடம் தைத்தேன். காற்றில் கை இழுப்பது குறைந்ததில் இந்த ஃபோமுக்குப் பெரிய பங்கு உண்டு, செலவோ மிகக் குறைவு. ஹேண்டிலைக் கிளாம்ப்பில் லேசாகப் பின்னே சாய்த்தேன், முழங்கை மடங்கி இருக்கும் அளவுக்கு.

அதே லேஅவுட் சாலையில் மறுபடி பிடித்துப் பார்த்தபோது, முன் பிரேக்கை ஏ.பி.எஸ். துடிக்கும்வரை கூட்டியும் பின்சக்கரத்தைப் பூட்டாமல் வைத்திருக்க முடிந்தது. நெரிசலில் வண்டியைத் திருப்பும்போது பின் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு ஊர்ந்து போக முடிகிறது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் 163 கிலோ அப்படியே சாயும் என்பதால், குரூஸருக்கு இந்த மெல்லிய பின் பிரேக் மிக முக்கியம். பொள்ளாச்சிச் சாலையில் காற்று இன்னும் தள்ளத்தான் செய்கிறது, ஆனால் வண்டி மொத்தமாக ஓரடி நகர்ந்து நின்றுகொள்கிறது, அலைவதில்லை.

புது ஷூ டிரம்மோடு படிய முதல் சில நூறு கி.மீ. ஆகும். அதுவரை பலமாகப் பிடித்துச் சூடாக்க வேண்டாம். படிந்த பிறகு பெடலின் வெற்று அசைவு தானாகக் கூடியிருக்கும். ராடின் நட்டைத் திருப்பி மறுபடி 25 மி.மீ.க்குக் கொண்டுவந்து, பிரேக் லைட் சுவிட்சையும் அதோடு சரிபாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஷூ உரசாமல் சுற்றுகிறதா என்று கேட்டபிறகே சாலைக்கு எடுங்கள்.